கத்தரியை வெட்டி ஏணி போட்ட கதை

போனில் படம் அனுப்பி, "நானா, இதுக்கு ஏணியா கத்தரியா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்கிறீர்கள். வண்டிக்கு அடியில் படுத்து எடுத்த படம். எஞ்சின், கியர்பொக்ஸ், பைப் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. எனக்குத் தெரிய வேண்டியது மட்டும் அதில் இல்லை. கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்கிற மனுஷனை இன்னமும் நம்பிக் கேட்கிறீர்களே, சந்தோஷம்தான். ஆனால் ஒரே வார்த்தையில் பதில் வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள். அப்படி ஒரே வார்த்தையில் பதில் சொல்லித்தான் நான் ஒரு தடவை ஒரு மனுஷியைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன்.

புதிதாக வந்தவர்களுக்காக முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். இவை மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலயில் எங்கள் சைலன்சர் கடையில் வைத்த பெயர்கள், வெளியில் செல்லாது. வீ-எயிட் எஞ்சினில் பக்கத்துக்கு நாலு சிலிண்டர். ஒவ்வொரு பக்கத்துப் புகைக்கும் தனித்தனியாக ஒரு பைப், இரண்டும் வண்டியின் அடியால் பின்பக்கம் வரைக்கும் ஓடும். நடுவில் எங்காவது அந்த இரண்டையும் இணைத்துவிட வேண்டும், அப்போதுதான் இரண்டு பக்கத்து அழுத்தமும் சமப்படும். குறுக்கே ஒரு துண்டுக் குழாயை வைத்து ஆங்கில எச் எழுத்து மாதிரி இணைத்தால் அது ஏணி. இரண்டு பைப்பையும் வளைத்து நடுவில் ஒட்டவைத்து எக்ஸ் எழுத்து மாதிரி மறுபடி பிரித்துவிட்டால் அது கத்தரி. பொதுவாக, எஞ்சின் தாழ்ந்து ஓடும் வண்டிக்கு ஏணி பொருந்தும், வேகமெடுத்துக் கூவி ஓடும் வண்டிக்குக் கத்தரி பொருந்தும். இந்தப் பாடத்தைப் போனில் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள்.

கத்தரி செய்வது கஷ்டம். நாலு வளைவும் சரியாகச் சந்திக்க வேண்டும், உள்ளே வெல்டிங் பிசிறு நிற்கக் கூடாது. எனக்கு அது கைவந்த வேலை. மலையேறும் ரேஸுக்குப் போகிற பொடியன்கள் கண்டியிலிருந்தும் குருநாகலிலிருந்தும் என்னைத் தேடி வருவார்கள். கத்தரி நானா என்றே எனக்குப் பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டு டெய்லர் என்று நினைத்து, கல்யாணக் கோட் தைக்கத் துணியோடு வந்த ஆளும் உண்டு. அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிரச்சினையே அங்கேதான் தொடங்கியது.

வஹகோட்டைப் பக்கத்திலிருந்து ஸ்டீபன் என்று ஒருவர் பழைய ஜீப் ஒன்றைக் கொண்டுவந்தார். தோட்டத்தில் பீல்ட் ஒப்பீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜீப்பும் தோட்டத்து ஜீப்தான், எந்தக் காலத்துத் துரையோ அதற்குள் வீ-எயிட் எஞ்சினைத் திணித்து வைத்திருந்தார். இரண்டு பைப்பும் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, புகை பாதி உள்ளே வந்தது. மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது என்றும், திங்களும் வியாழனும் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மெசினில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும் என்றும் ஸ்டீபன் சொன்னார். மண்சரிவுக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்கு ஏறும் ரோட்டில் கடைசி மேடு வெறும் கல்லும் சேறும்தான். த்ரீவீல் ஏறாது, வேன் ஏறாது. இந்த ஜீப் ஒன்றுதான் கதி.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "இழுவை வேணுமா, சத்தம் வேணுமா?" என்று கேட்டேன். ரேஸ் பொடியன்களிடம் கேட்கிற கேள்வி. ஸ்டீபன் அந்த மேட்டை நினைத்துக்கொண்டு இழுவை என்றார். அப்படியென்றால் கத்தரிதான், கத்தரி போட்டால் மேடு பறக்கும் என்று ஒரே போடாகப் போட்டேன். இரண்டு பைப்பையும் புதிதாகப் போட்டு, நடுவில் நல்ல கத்தரி ஒன்று வைத்து, நானே டவுன் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, காலை அழுத்தி. சும்மா பாட்டுப் பாடிக்கொண்டு போனது வண்டி.

ஒரு கிழமை, அதாவது ஏழு நாள், கழித்து ஸ்டீபனிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. பக்கத்தில் மச்சான் கிரைண்டர் பிடித்துக்கொண்டிருந்தான். போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். இழுவை நல்லா இருக்கிறது என்றார், திரும்பி வரும்போது டீச்சருக்குச் சத்தம் வருகிறது, என்ன செய்யலாம் என்றார். அவருடைய மனைவி பிலோமினா பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். ஊரே டீச்சர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, புருஷனும் அப்படியே கூப்பிடப் பழகியிருந்தார். எனக்குக் கொஞ்சம் கடுப்பாகக்கூட இருந்தது. புதுப் பைப் என்றால் சத்தம் வராமல் புல்லாங்குழலா வரும்? "புது பைப் அப்பிடித்தான் சார், ரெண்டு கிழமையில பழகிரும்" என்று பதில் அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்டீபன் பஸ்ஸில் வந்து இறங்கினார். முகம் செத்துப் போயிருந்தது. ஜீப்பை யாராவது வாங்குவார்களா என்று விசாரித்தார். அப்படியென்றால் ஆஸ்பத்திரிக்கு எதில் போவீர்கள் என்று கேட்டேன்.

"டீச்சர் இனிமே போக மாட்டாங்களாம் நானா. நேத்து வந்து எறங்கினதோட சொல்லிட்டாங்க. அந்த ஜீப்புல ஏறவே மாட்டேன்னுட்டாங்க. வரும்போது ஒவ்வொரு தடவையும் சத்தி. நீங்க பழகிரும்னு சொன்னீங்கன்னுதான் ரெண்டு கிழமையும் பல்லக் கடிச்சிக்கிட்டு வந்தாங்க."

"என்ன வருதுன்னு சொன்னீங்க?"

"சத்தி. வாந்தி, வாந்தி."

எங்கள் பக்கத்தில் வாந்தி என்போம். டீச்சர் மன்னார்க்காரி, மாற்றலாகி வந்து இங்கேயே கல்யாணம் முடித்தவர். முப்பது வருஷமாக அவரோடு குடும்பம் நடத்தி, ஸ்டீபனின் வாயிலும் அந்த ஊர்ச் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைக்குப் பின்னால் போய், கிரைண்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்தக் குரல் செய்தியைத் தேடியெடுத்து மறுபடி கேட்டேன். தெளிவாக இருந்தது. சத்திதான். இன்னொரு தடவை போட்டுக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் போயிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தைச் செலவழிக்காத குற்றத்துக்கு ஒரு நோயாளி நாலு பயணம் வாந்தியெடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு பயமும் வந்தது.

பயம் எதற்கு என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். வாந்தி, தலைசுற்று என்றால் முதல் சந்தேகம் புகை. நான் போட்ட பைப்பில் எங்காவது மூட்டு கசிந்து, விஷவாயு உள்ளே போய்க்கொண்டிருந்தால்? இந்த வேலையில் ஒன்றை மட்டும் வரிசை மாற்றாதீர்கள்: எது ஆளைக் கொல்லுமோ அதை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. ஸ்டீபனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அப்போதே அவர் வீட்டுக்குப் போனேன். ஜீப்பை ஸ்டார்ட் செய்து, பின்னால் இரண்டு பைப்பின் வாயையும் ஈரத் துணியால் அடைத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அடியில் புகுந்து ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்காரத் தண்ணீர் பூசினேன். ஒரு குமிழி வரவில்லை. தரைத் தகட்டையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். ஓட்டை ஒன்றுமில்லை.

உண்மையைச் சொல்கிறேன், கசிவு இருந்திருக்கக் கூடாதா என்று மனதுக்குள் ஒரு ஆசை வந்தது. கசிவு என்றால் அரை மணித்தியாலத்தில் அடைத்துவிட்டுப் போயிருப்பேன். கசிவு இல்லையென்றால் என் தீர்மானமே பிழை என்றாகிறது.

டீச்சர் முன்னறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். அறுபது தாண்டியவர், மெலிந்து போயிருந்தார், ஆனால் வகுப்பைப் பார்க்கிற மாதிரி நேராகப் பார்க்கிற பார்வை. ஸ்டீபன் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திப் பேசினார். முப்பது வருஷம் இங்கே இருந்தும் அந்த மன்னார்ப் பேச்சு போகவில்லை.

"மெசினில நாலு மணித்தியாலம் படுத்திருக்கிறது எனக்குப் பெரிய விசயமில்ல நானா. திரும்பி வாற அந்த ஒரு மணித்தியாலம்தான். அதுக்கு முதல் நாளே எனக்கு அந்த நினைப்புத்தான். போகாம விட்டா எவ்வளவு நாள் இருப்பன் எண்டு டொக்டரிட்ட கேட்டனான். அவர் சொன்னவர். இவருக்கு நான் சொல்லேல்ல."

நான் கையில் இருந்த சவர்க்காரத்தைச் சட்டையில் துடைத்தேன்.

"பழகிரும் எண்டு நீங்கதானே சொன்னனீங்க?" என்றார். "நானும் பழகிப் பாத்தன்."

அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். குரல் செய்தியைச் சரியாகக் கேட்கவில்லை, சத்தியைச் சத்தம் என்று விளங்கிக்கொண்டேன் என்று உள்ளதைச் சொன்னேன். பிறகு அந்தக் களைத்துப் போன முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"எத்தினை வருசம் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் குடுத்தனான். இப்பிடி ஒரு பிழையை ஒரு பிள்ளையும் விடேல்ல."

வியாழக்கிழமை ஒரே ஒரு தடவை வாங்க டீச்சர் என்று கேட்டேன். நானும் கூட வருகிறேன், திரும்பி வரும்போது பின்னால் உங்களோடு இருக்கிறேன், அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் நான் இந்த வீட்டுப் பக்கம் தலை காட்ட மாட்டேன் என்றேன். ஒரு தடவைதான் என்று விரலைக் காட்டினார். சரி என்றேன்.

வியாழன் காலையில் போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டீபன் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்று விரட்டிக்கொண்டு போனார், டீச்சர் முன்சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து என்னோடு கதைத்துக்கொண்டே வந்தார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மத்தியானம் வெளியே வந்தது வேறு ஆள். நிற்க முடியவில்லை. இரண்டு பேருமாகத் தாங்கிப் பிடித்து, பின்னால் நீளச் சீட்டில் படுக்க வைத்தோம். தலை பின்கதவுப் பக்கம் இருந்தது. நான் கீழே, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். அந்த ஜீப்பில் நான் பின்னால் ஏறியது அதுதான் முதல் தடவை. அவ்வளவு பெரிய வேலையைச் செய்துவிட்டு, நோயாளி எங்கே படுத்து வருகிறார் என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

பேசத் தெம்பில்லாததால் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். கஷ்டம் வரும்போது கையைத் தூக்குவார், விட்டதும் இறக்குவார். டவுனைத் தாண்டி ரோட் நேரானதும் கையைத் தூக்கினார். நான் சீட்டுக்கு ஒட்டினாற்போல் தரைத் தகட்டில் தலையை வைத்தேன். ஊம் என்று ஒரு முழக்கம். காதில் விழுவதை விடப் பல்லுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் போய் நின்றது. முன்சீட்டில் அது இல்லவே இல்லை. எழுந்து பார்த்தேன், ஸ்டீபன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முட்டையைக் கொண்டுபோகிற மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார். மனைவிக்கு அலுங்கக் கூடாதென்று காலை அழுத்தாமல், ஒரே சீராக, மெதுவாக. அந்த வேகத்தில்தான் என் பைப் முழங்கியது. காலையில் விரட்டிப் போகும்போது எஞ்சின் அந்த இடத்தை ஒரு நொடியில் தாண்டிவிடும். பின்னேரம் அந்த மனுஷன் அன்பாக ஓட்டி ஓட்டி, முழு வழியும் அந்த முழக்கத்துக்குள்ளேயே டீச்சரை வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

அதை அவரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

பலாபத்வல வருவதற்கு முன்னாலேயே டீச்சருக்கு வாந்தி வந்துவிட்டது. வண்டியை நிறுத்தி, வாளியைப் பிடித்து, தலையைத் தாங்கிக்கொண்டேன். மீதி வழியை ஒரு கியர் குறைத்து ஓட்டச் சொன்னேன். கொஞ்சம் தணிந்தது, ஆனால் முன்னால் ஒரு ட்ராக்டர் வந்தால் போதும், மறுபடி அதே முழக்கம். வீட்டில் இறக்கும்போது, திங்கட்கிழமை வரைக்கும் ஜீப்பை எனக்குத் தாருங்கள், அன்றைக்கும் இப்படியென்றால் நீங்கள் சொல்வதுதான் சரி என்று டீச்சரிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடியபடி தலையை அசைத்தார். அது சம்மதமா, போய்த்தொலை என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜீப்பை மேலே ஏற்றினோம். மச்சான் நல்ல வெல்டர், நல்ல மனுஷன், ஆனால் சுருக்கு வழி தேடுகிற ஆள். பின்னால் இன்னும் இரண்டு சைலன்சர் பெட்டி போட்டு அமுக்கிவிடுவோம் என்றான். போடலாம். ஆனால் அந்தப் பெட்டிகள் டீச்சரின் தலைக்கு நேர் கீழே கொதித்துக்கொண்டு தொங்கும், அந்தக் கல் மேட்டில் அடியும் படும். மெத்தை தடிப்பாகப் போடலாமே என்றான். அப்படியே ஆஸ்பத்திரியையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடு என்றேன். பிழை கத்தரியில் இருக்கிறது, கத்தரியைத்தான் கழற்ற வேண்டும்.

நான் எதிர்பார்க்காத ஆள் குறுக்கே நின்றார். ஸ்டீபன்.

"இழுவை போயிருமே நானா. மழையில அந்த மேட்டுல நின்னுட்டா டீச்சர நான்தான் தூக்கிட்டு ஏறணும். ஒரு தடவை தூக்கினேன். ரெண்டு பேரும் சேத்துல விழுந்தோம். இன்னொரு தடவை என்னால முடியாது."

அந்தப் பயத்தை அவருக்கு வியாபாரம் பண்ணியவனே நான்தான். மேடு பறக்கும் என்ற என் வார்த்தையை அவர் பத்திரமாகப் பிடித்து வைத்திருந்தார். இந்த இடத்தில் மழுப்பியிருக்கலாம். புது மாதிரி ஒன்று வந்திருக்கிறது, அதைப் போட்டுப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தால் மரியாதையும் போயிருக்காது. அப்படிச் சொல்லாதீர்கள். பிழையை மறைக்கச் சொன்ன பொய்யை வைத்து அடுத்த தீர்மானத்தை அந்த ஆள் எடுப்பார், அதுவும் பிழையாகத்தான் போகும்.

"சார், அந்த மேட்ட நீங்க எந்த கியர்ல ஏறுவீங்க?"

"லோ போட்டு, ஒண்ணுல."

"எஞ்சின் கூவுமா?"

"இல்ல. முக்கி முக்கித்தான் ஏறும்."

"அப்ப கத்தரியால உங்களுக்கு ஒரு பிரயோசனமும் கெடச்சதில்ல. அது எஞ்சின் கூவும்போதுதான் வேலை செய்யும். நீங்க ஏறினது உங்க கியர்ல, என் பைப்புல இல்ல. நான் பெருமைக்குச் சொன்னது, நீங்க நம்பிட்டீங்க. ஏணி போட்டா அந்த மேட்டுக்கு இதை விட நல்லது. நம்ப வேணாம், ஏறிக் காட்டுறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் கையால் செய்த கத்தரியை என் கையாலேயே வெட்டி எடுத்தேன். நல்ல வேலைப்பாடு, வயிறு எரிந்தது. சனிக்கிழமை மத்தியானம் ஏணி ஏறிவிட்டது. மச்சானை மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டு, டீச்சர் படுக்கிற இடத்தில் தலையை வைத்துப் படுத்தேன். போகிறவர்கள் எட்டிப் பார்த்து, நானாவுக்கு என்ன சுகமில்லையா என்று கேட்டார்கள். முழக்கம் குறைந்திருந்தது, ஆனால் போகவில்லை.

மச்சானுக்கு அது போதும். "முக்கால்வாசி போயிருச்சே மச்சான். இதுக்கு மேல என்னா?"

மீதிக் கால்வாசியை உன் தலைக்குள் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் படுத்துப் பார் என்றேன். ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும். ஏணியின் படியை, அந்தத் துண்டுக் குழாயை, வைக்க வேண்டிய இடத்தில் கியர்பொக்ஸைத் தாங்குகிற குறுக்குச் சட்டம் இருந்தது. அதைக் கழற்றிப் பைப்பைச் சுற்றிக் கொண்டுவரச் சோம்பல்பட்டு, வசதியாக இருந்த இடத்தில், ஒன்றரை அடி பின்னால் தள்ளி வைத்துவிட்டேன். பிழையைத் திருத்தப் போன இடத்தில் இன்னொரு பிழை. தொழிலில் நான் என்னைத் திட்டிக்கொண்ட நாட்கள் பல, அன்றைக்குத் திட்டிய மாதிரி ஒருநாளும் திட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை சுபஹு தொழுதுவிட்டு நேரே கடைக்குப் போனேன். பைப்பில் மலிவான பெயின்ட் பூசிக் கொஞ்ச தூரம் ஓட்டி, எதுவரைக்கும் கருகியிருக்கிறது என்று பார்த்து, படி வைக்க வேண்டிய அந்த இடத்தில் கோடு போட்டேன். கோடு சரியாகக் குறுக்குச் சட்டத்துக்கு மேல் விழுந்தது. சட்டத்தைக் கழற்றினோம். மச்சான் முணுமுணுத்துக்கொண்டே வெல்டிங் பிடித்தான், ஆனால் பிடித்த பிடியில் குறை வைக்கவில்லை. சட்டத்தை மாட்டிவிட்டு மறுபடி பின்னால் படுத்தேன். ரோட் நேராகும் இடம் வந்தது, போனது. எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். பல் பல்லாகவே இருந்தது. திரும்பி இன்னொரு தடவை போகச் சொன்னேன். பிறகு இன்னொரு தடவை.

பின்னேரம் ஸ்டீபன் தேவாலயத்தில் பூசை முடிந்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, அந்த மேட்டின் அடியில் வந்து நின்றார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நாலு சீமெந்து மூட்டையை ஏற்றி, மச்சானையும் அதன் மேல் உட்கார வைத்து, ஸ்டியரிங்கை ஸ்டீபனிடமே கொடுத்தேன். நான் ஓட்டி ஏற்றினால் அது என் திறமை என்று நினைப்பார். பாதி மேட்டில் வேண்டுமென்றே நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னேன். எடுத்தது. உச்சியில் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீபன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். நாங்கள் மூட்டைகளை இறக்குகிற மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

ஆகவே தம்பிமாரே, ஏணியா கத்தரியா என்று எனக்குப் படம் அனுப்பாதீர்கள். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு எல்லா ஜீப்புக்கும் ஏணி போடவும் போகாதீர்கள், அடுத்த வண்டியில் கத்தரியே சரியாக இருக்கலாம். ஸ்டியரிங் பிடிக்கிறவரிடம் மட்டும் கேட்டுவிட்டுப் பைப்பை வெட்டாதீர்கள். அந்த வண்டியில் யார் போகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எந்த நிலைமையில் திரும்பி வருகிறார்கள், இதைக் கேளுங்கள். கேட்டாலும் போதாது, அந்த இடத்தில் போய் உட்காருங்கள். ஒரு சொல் விளங்காவிட்டால் கிரைண்டரை நிறுத்திவிட்டு மறுபடி கேளுங்கள்.

திங்கட்கிழமை டீச்சர் வந்தார். நான் கொடுத்த தவணை அதுவரைக்கும்தான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மத்தியானம் அதே மாதிரித் துவண்டு போய் வெளியே வந்தார். அதே மாதிரிப் படுக்க வைத்தோம். நான் வாளியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஸ்டீபன் அதே முட்டை ஓட்டம். டவுனைத் தாண்டி ரோட் நேரானது. நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை வயிற்றின் மேல் இருந்தது, அசையவில்லை. பலாபத்வல போனது. கடை வாசலில் மச்சான் நின்று கையால் என்ன என்று கேட்டான், நான் கையை விரித்தேன். வஹகோட்டைப் பக்கம் திரும்பி நாலு வளைவு ஏறியும் கை அப்படியே கிடந்தது. ஒரு முனகல்கூட இல்லை.

ஸ்டீபனுக்குத் தாங்க முடியவில்லை. கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, கடைசியில் ஓரத்தில் நிறுத்திவிட்டு ஓடி வந்து பின்கதவைத் திறந்தார். மனுஷன் முகத்தில் இரத்தமே இல்லை. "டீச்சர்" என்று ஒரு தடவை கூப்பிட்டார். தோளைப் பிடித்து அசைத்தார்.

டீச்சர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

"நித்திரையா இருந்த ஆளை ஏன் எழுப்பினனீங்கள்?" என்றார்.

அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டு மறுபடி கண்ணை மூடினார். ஸ்டீபன் கதவைச் சாத்தப் போகும்போது, மூடிய கண்ணோடு கேட்டார்.

"வியாழக்கிழமை எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது?"